ஒருதரம் மட்டும் கேட்கும் ஊரில் என்ன சாப்பிடலாம்

1

மானிப்பாயில் என்னோடு படித்தவள் ஒருத்தி போன கிழமை குரற்செய்தி அனுப்பியிருந்தாள். "எடி, நாங்கள் பங்குனியிலை பினாங்குக்கு வாறம். அவருக்கும் லீவு கிடைச்சிட்டுது. அங்கை என்ன சாப்பிடலாம் எண்டு சொல்லு. வந்தும் கொத்துரொட்டி தேடித் திரியிற ஆக்கள் இல்லை நாங்கள்."

இந்த வருடம் இதே கேள்வியைக் கேட்டவர்களில் இவள் எத்தனையாவது ஆள் என்று தெரியவில்லை. கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு விமானச் சீட்டு மலிந்ததில் இருந்து பருத்தித்துறைக்குப் போவதுபோல மலேசியாவுக்கு வெளிக்கிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி என் பெருவிரல் தேய்ந்துவிட்டது. எல்லாருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடமாக இந்தத் தீவில் இருக்கிறேன். தெற்கு முனையில் ஒரு தொழிற்சாலை. விரல் நகத்திலும் சிறிய மின்சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்ற நேரமெல்லாம் சாப்பிடுகிறேன். மிகைப்படுத்தவில்லை. ஒரே தெருவில் மலாய்க்காரர் தேங்காய்ப்பாற் சோறு விற்க, எதிரில் சீனர் வாத்தைத் தொங்கவிட்டிருக்க, மூலையில் தமிழ் முஸ்லிம் ஒருவர் ரொட்டியைக் காற்றில் வீசிக்கொண்டிருக்கும் ஊரில் வேறு என்னதான் செய்வது?

இணையத்தில் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பன்றி கலந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உறைப்புக் காணாது என்று முகத்தைச் சுளிப்பவர்களோ எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலை நான் போன ஆவணியில் என் அம்மாவிடம் பரீட்சித்துப் பார்த்தேன். அதைவிடக் கடினமான சோதனைக்கூடம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடையாது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் கெங். என்னோடு வேலை செய்யும் பினாங்குச் சீனப் பெடியன். நாங்கள் கலியாணம் செய்ய விரும்புகிறோம் என்று வீட்டில் சொன்னபோது, தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, "ஆள் நல்லவனெண்டால் எனக்கென்ன" என்றார். அம்மா, "பார்ப்பம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் "பார்ப்பம்" என்று சொன்னால், வந்தவர்கள் வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கலாம் என்று அர்த்தம். அம்மாவின் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதில்லை என்பது நானாக எடுத்த முடிவு. ஆகவே அம்மாவும் அப்பாவும் பத்து நாள் வந்து நிற்கப்போகிறார்கள் என்றதும் நான் எழுதத் தொடங்கியது பார்வைக்குச் சாப்பாட்டுப் பட்டியல்தான். உண்மையில் அது ஒரு வழக்கறிஞரின் வாதம். இந்த ஊரில் உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நல்ல ஆட்களோடு சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் வாதம்.

2

கெங்கை அம்மா அதற்கு முன்பு ஒருமுறை பார்த்திருந்தார். முந்தின மார்கழியில் அவன் என்னோடு மானிப்பாய்க்கு வந்தான்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு நடைமுறை உண்டு. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, உங்கள் வீட்டிலும்தான். விருந்தாளி "போதும்" என்பார். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. இரண்டாந்தரம் "ஐயோ, காணும்" என்பார். அதையும் வாங்குவதில்லை. மூன்றாந்தரம் தட்டின் மேல் கையை விரித்து மறைத்தால்தான் பரிமாறுகிறவர் கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு விரல் இடுக்கால் ஊற்றுவார்.

கெங்கின் வீட்டு நடைமுறை வேறு. கிண்ணத்தில் வைத்ததை ஒரு பருக்கை மிஞ்சாமல் முடிக்க வேண்டும். மிஞ்சினால் சமைத்தவரை அவமதித்ததாக ஆகிவிடும்.

இந்த இரண்டு நடைமுறையும் ஒரே மேசையில் சந்தித்தால் என்ன நடக்கும்? நடந்தது. காலையில் புட்டும் மீன்பொரியலும் சம்பலும் தேங்காய்ப்பாற் சொதியும். அவன் வழித்துத் துடைத்தான். வெறும் தட்டைக் கண்ட அம்மா நிரப்பினார். அவன் வியர்த்து வழிய முடித்தான். அம்மா திரும்ப நிரப்பினார்.

"பாவம், சரியான பசியிலை வந்திருக்கு பெடியன்."

"அம்மா, அவருக்குப் போதுமாம்."

"நீ சும்மா இரு. சாப்பிடுற பிள்ளையைத் தடுக்கிறேல்லை."

அப்பாதான் இரங்கி ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தார். தட்டுக்கு மேலே கையை வை, விரலை ஒட்டிப் பிடி. கெங் வைத்தான். விரலை ஒட்டிப் பிடிக்க மறந்துவிட்டான். சொதி இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் பருத்தித்துறை பஸ்ஸில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தவன் மெல்லச் சொன்னான். "உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் சொன்னதை அவர் ஒருதரம்கூடக் கேட்கவில்லை."

நான் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். வல்வெட்டித்துறை தாண்டிக் கடல் தெரியும் வரைக்கும் அவனுக்கு விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, தன் கதையைச் சொன்னான். அவனுடைய தகப்பன் லக்சா என்ற மீன்சாற்று நூடில்ஸ் விற்பவர். கெங் சின்ன வயதிலிருந்து சனி ஞாயிறுகளில் அந்தக் கடையில் நிற்பவன். அங்கே எதையும் ஒருதரந்தான் கேட்பார்கள். மிளகாய் வேணுமா? இறால் பாகு வேணுமா? வேண்டாம் என்றால் அடுத்த ஆள். இரண்டாந்தரம் கேட்டால் வரிசை நிற்கும். அதோடு, தலையில் கட்டப் பார்க்கிறான் என்று வாடிக்கையாளர் நினைப்பார். வேண்டாம் என்றவரை நம்புவதுதான் மரியாதை என்று அவனுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அந்தப் பயணத்தில் அவன் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் படித்துக்கொண்டு திரும்பினான்: ஓம். இங்குள்ள தமிழ் நண்பர்களிடம் அதைச் சொல்லிக் காட்டி நன்றாகச் சிரிப்பு வாங்கினான். எனக்கும் வந்த புதிதில் அதேதான் நடந்தது. துணிக்கடையில் "இந்த நிறம் சரியா?" என்று கேட்ட பெண்ணிடம் "ஓம்" என்றேன். அவள் கைகூப்பாத குறையாகக் காத்திருந்தாள், மிச்ச மந்திரம் வரும் என்று. இங்கே "ஆமா" என்றால்தான் கணக்கு.

விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த அம்மா, கெங்கைப் பற்றிச் சொன்னது ஒரே வசனம். "நல்லாச் சாப்பிடுறான்." அதைத் தாண்டி எதுவும் இல்லை. பார்ப்பம்.

3

இனிப் பட்டியல்.

காலைச் சாப்பாட்டுக்குப் புத்து மாயம். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி வருவார்கள், அல்லது சந்தை ஓரத்தில் ஆவி பறக்க நிற்பார்கள். பெயரைக் கேட்டுப் புட்டு என்று நினைத்து அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சொல்லாமல் கொடுத்தேன்.

அம்மா பொதியைப் பிரித்தார். "இது இடியப்பமெல்லோ."

"ஓம்."

"சொதி எங்கை?"

"சொதி இல்லை அம்மா. அந்தச் சீனியையும் தேங்காய்ப்பூவையும் தூவிச் சாப்பிடுங்கோ."

அம்மா நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். நோயாளி மாத்திரையை மாறிப் போட்டுவிட்டதைக் கண்டால் எப்படி ஒரு பார்வை பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். "இடியப்பத்துக்குச் சீனியோ? ஆர் உவையளுக்குக் காட்டிக் குடுத்தது?"

"எங்கடை ஆக்கள் ஆரோ வந்து, சொதிக்கு வழியில்லாமல் தொடங்கியிருப்பினம்" என்றார் அப்பா. அவர் ஏற்கெனவே பாதியை முடித்திருந்தார். அம்மா ஓர் இடியப்பத்தைக் கிள்ளி, சீனியை ஒதுக்கி, தேங்காய்ப்பூவோடு மட்டும் சாப்பிட்டார். பிறகு யாரும் பார்க்காத நேரம் பார்த்துச் சீனியில் தொட்டார். நான் பார்த்தேன். மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

தேத்தண்ணிக்கு ஒரு குறிப்பு. "தே" என்று மட்டும் கேட்டால் தகரப்பால் குழைத்து வரும். எங்கள் பிளேன் ரீ வேண்டுமென்றால் "தே ஓ" என்று கேட்க வேண்டும். மூன்றாம் நாளே அம்மா யாரையும் எதிர்பாராமல் தானே கடைக்காரரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக் குரலில் "தே ஓ" என்றார். வந்தது. அன்று முழுக்க அம்மாவின் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது.

4

என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் அம்மா நிற்கும்போதே வந்துவிட்டது. குடிவரவு அலுவலகத்துக்கு அவரையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இலக்கச் சீட்டை எடுத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் காத்திருந்து, கூப்பிட்டதும் போய், ஒரு நிழற்படத்தின் பின்னணி நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, கீழே போய்ப் படம் எடுத்து, திரும்ப இலக்கம் எடுத்து. வெளிநாட்டில் இருக்கும் எல்லாரும் அறிந்த வழிபாடு. கலியாணத்தைப் பதிய வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய வழிபாடு இருக்கிறது. நான் விவாகமாகாதவள் என்று எங்கள் கிராம சேவகர் சொல்ல வேண்டும், அதைப் பிரதேச செயலகம் நம்ப வேண்டும், பிறகு கொழும்பு நம்ப வேண்டும். கிராம சேவகரிடம் போக வேண்டியவர் அம்மா. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை.

கடைசியில் முத்திரை குத்திய மலாய் அலுவலர் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்து, மலாயில் என்னிடம் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

"என்ன கேட்டவ?"

"சாப்பிட்டியளோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"சாப்பிட்டம் எண்டு."

"காலையிலை இருந்து ஒண்டும் வாயிலை வைக்கேல்லையே."

"அது சும்மா கேக்கிறது அம்மா. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான். வணக்கம் சொல்லுற மாதிரி."

அம்மா மின்தூக்கி வரும்வரை யோசித்தார். "சாப்பிட்டியோ எண்டு சும்மாவும் கேப்பினமோ?"

அந்தப் பசியோடு போனது நாசி கண்டார் கடைக்கு. பட்டியலில் இதற்கு அடிக்கோடு போடுங்கள். அந்தக் காலத்தில் காவுதடியின் இரண்டு முனையிலும் சோறும் கறியும் தொங்க, தோளில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு. இப்போது தட்டோடு வரிசையில் போக வேண்டும். மீன்முட்டை, கணவாய், கோழி, வெண்டிக்காய் என்று காட்டக் காட்ட வைப்பார்கள். முடிவில்தான் விசேடம். எல்லாக் குழம்பையும் ஒவ்வோர் அகப்பை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக விடுவார்கள்.

அம்மா தட்டை நீட்டி, "கொஞ்சமாய் விடுங்கோ" என்றார்.

அகப்பைக்காரர் நிமிர்ந்தார். "சிலோனா அக்கா நீங்க? பேச்சுலயே தெரியுது." சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

"போதும், போதும்."

"இது மீனு. இது இல்லாம எப்படிக்கா?" ஊற்றினார்.

"ஐயோ, காணும்."

"அட, சாப்பிடுங்கக்கா. ஊருக்குப் போனா கெடைக்குமா?" ஊற்றினார்.

அம்மாவின் சோறு வெள்ளத்தில் மூழ்கிய வயல்போல இருந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. மேசைக்கு வந்து முதல் வாய் வைத்ததும், "இந்த மனுசன் எங்கடை ஆள்" என்றார். உறைப்பும் போதுமாம். குழம்புகள் கலந்த இடத்தில் எது எந்தக் குழம்பு என்று பிரிக்க முடியாத ஒரு சுவை இருந்தது. அதைப் பற்றி அப்பாவும் அம்மாவும் வீடு வரும்வரை விவாதித்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழக்கு என் பக்கம் சாய்கிறது என்று கெங்குக்குச் செய்தி அனுப்பினேன்.

5

அவர்கள் வந்தபின் முதல் சனிக்கிழமை லக்சா. பினாங்குக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சாப்பிடலாம் என்றால் இதைச் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் விட்ட லக்சா வேறு ஊர்களில் இருக்கிறது, அதோடு குழப்ப வேண்டாம். இது புளி லக்சா. மீனை அவித்து, முள் எடுத்து, மசித்து, புளியில் கொதிக்க வைத்த தடித்த சாறு. அதற்குள் வழுக்கும் அரிசி நூடில்ஸ். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, மணக்கும் ஓர் இளஞ்சிவப்புப் பூமொட்டை மெல்லியதாக அரிந்தது. கடைசியாக ஒரு கரண்டி இறால் பாகு. கறுப்பாக, பனங்கட்டிப் பாணிபோல இழுபடும். கடலின் நாற்றமும் இனிப்பும் ஒன்றாக. அதைக் கரைத்துக் குடித்தால்தான் லக்சா முழுமையாகும்.

கெங் அன்று கடையில் நின்றான். வரிசை தெரு வரைக்கும் போயிருந்தது. தகப்பன் கொதிபானைக்கு அருகில், கெங் கிண்ணங்களுக்கு முன்னால். இருவரும் பேசிக்கொள்ளாமலே கை மாறிக் கை வேலை நடக்கும். அம்மாவையும் அப்பாவையும் கண்டதும் கெங் கையைத் துடைத்துக்கொண்டு, கிண்ணங்களைத் தானே மேசைக்குக் கொண்டுவந்தான். அந்தக் கடையில் யாருக்கும் அப்படிக் கொண்டுவந்து வைப்பதில்லை. எனக்கே வைத்ததில்லை.

"அன்ரி, இறால் பாகு?" ஆங்கிலத்தில் கேட்டான்.

"வேண்டாம், நன்றி" என்றார் அம்மா, அதைவிடத் திருத்தமான ஆங்கிலத்தில்.

கெங் தலையசைத்துவிட்டுப் பாகுக் கரண்டியோடு போய்விட்டான்.

அம்மா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தன் கிண்ணத்தைப் பாகு விட்டுக் கலக்கி, கண்ணை மூடிக் குடித்தார். "இஞ்சாரும், குருநகரிலை அந்தோனி வீட்டிலை குடிச்ச கூழ் ஞாபகம் இருக்கோ? அந்த மீன்புளி. கிட்டத்தட்ட அதுதான். ஒடியல்மா இல்லாத குறை."

அம்மா ஒரு கரண்டி சாறு குடித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனால் என்னவோ ஒண்டு குறையுது."

"குறையிறதைத்தான் அந்தப் பெடியன் கரண்டியிலை கொண்டுவந்தவன். நீர் வேண்டாம் எண்டிட்டீர்."

"ஒருக்காக் கேட்டிட்டு எடுத்துக்கொண்டு போறவரிட்டை வேறை என்ன சொல்லுறது?"

நான் என் கிண்ணத்திலிருந்து பாகை அள்ளி அம்மாவின் கிண்ணத்தில் விடப் போனேன். அம்மா கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். அன்றைய மதிப்பெண்ணை நான் போடவில்லை.

6

பிறகு மூன்று நாள் நான் வெறிபிடித்தவள்போல அலைந்தேன். லீவு எடுத்திருந்தேன். சார் குவே தியாவ் வாங்கிக் கொடுத்தேன். தட்டை அரிசி நூடில்ஸை இறாலும் முட்டையும் போட்டுப் பெருநெருப்பில் வறட்டுவது. புகை மணம்தான் அதன் உயிர். பன்றிக் கொழுப்பில் செய்கிற கடைகள் நிறைய, கேட்டுச் சாப்பிடுங்கள். செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, பச்சைப் புழுக்கள்போல மாவு. அப்பா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, மானிப்பாய்ச் சந்தியில் ஒரு கடை போட்டால் எப்படியிருக்கும் என்று கணக்குப் பார்த்தார்.

அப்பம் சாப்பிட்டது ஒரு பின்னேரம். நம் அப்பத்தின் தூரத்துச் சொந்தம். உள்ளங்கை அகலம், விளிம்பெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் வாழைப்பழத் துண்டும் தேங்காயும். மடித்துக் கொடுப்பார்கள். தெருவோர வாங்கில் மூவரும் இருந்து சாப்பிட்டோம். நான் அடுத்து எங்கே போகலாம், எந்தப் பஸ், எத்தனை மணிக்குக் கடை பூட்டுவான் என்று கதைத்துக்கொண்டேயிருந்தேன். கடதாசியில் ஒரேயொரு அப்பம் மிஞ்சியிருந்தது.

"அம்மா, இதைச் சாப்பிடுங்கோ."

"எனக்குப் போதும், நீ சாப்பிடு."

"சரி" என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பஸ் இலக்கத்தைத் தொலைபேசியில் தேடினேன்.

அம்மா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். களைப்பு என்று நினைத்தேன். காயப்போட்ட உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.

"உனக்கு ஒண்டு சொல்லட்டோ? நான் போதும் எண்டன். நீ சரி எண்டிட்டாய்."

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. "அம்மா, நீங்கள்தானே போதும் எண்டனீங்கள்."

"எண்டைக்கு நான் போதும் எண்டு சொல்லாமல் ஒண்டை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறன்? மூண்டு வருசத்துக்கு முந்தி உனக்கு அது தெரியும். கையைப் பிடிச்சுத் திணிச்சிருப்பாய்."

அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "ஒரு அப்பத்துக்கோ இவ்வளவு" என்றார்.

"அப்பத்தை ஆர் கேட்டது?" அம்மா மடித்த சட்டையை மறுபடி விரித்து மடித்தார். "அந்தப் பெடியனிலை எனக்குக் கோபமில்லை. அவரின்ரை ஊர்ப் பழக்கம் அது. நல்ல பிள்ளை. ஒரு சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவர். ஆனால் நாளைக்கு நான் ஏலாமல் வந்து உங்கடை வீட்டிலை கிடப்பன். பசிக்கேல்லை எண்டு சொல்லுவன். என்ரை வாய் அப்பிடித்தான் சொல்லும். அவரும் திருப்பிக் கேக்கமாட்டார். நீயாவது கேப்பாய் எண்டு நினைச்சன்."

எதற்கும் கைவசம் பதில் வைத்திருப்பவள் நான். அம்மா உடுப்புகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். என்ன சொல்லியிருந்தாலும் வாதம்போலத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் வேலைத்தலத்தில் கெங்கிடம் சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு கேட்டான்: "எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"அப்படிக் கணக்கு இல்லை."

"ஒரு குத்துமதிப்பாகச் சொல்."

7

கடைசி நாளும் ஒரு சனிக்கிழமைதான். விமானம் பின்னேரம். எங்கே சாப்பிடலாம் என்று நான் கேட்கவில்லை. பட்டியலை விட்டுவிட்டேன். அம்மாவே சொன்னார். "அந்தப் பெடியனுக்குச் சொல்லாமல் போறது வடிவில்லை."

கடையில் வழமையான வரிசை. கெங் எங்களைக் கண்டதும் கிண்ணங்களோடு வந்தான். அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, "அன்ரி, இறால் பாகு?" என்றான்.

"வேண்டாம், நன்றி."

அவன் திரும்பினான். இரண்டு அடி போனான். நின்றான். திரும்பி வந்தான். காது சிவந்திருந்தது. "அன்ரி, கொஞ்சம்?"

"இல்லை, போதும்."

வரிசையில் நின்ற யாரோ சீனத்தில் சத்தம் போட்டார்கள். பானைக்குப் பின்னாலிருந்து தகப்பன் கெங்கின் பெயரைக் கூப்பிட்டார். கெங் அசையவில்லை. கரண்டியிலிருந்து பாகு நூல்போல இறங்கி அவன் சப்பாத்தில் விழுந்துகொண்டிருந்தது. "அன்ரி..." என்று மூன்றாந்தரம் தொடங்கினான். என்னைப் பார்த்தான்.

அம்மா வரிசையைப் பார்த்தார். வெளிநோயாளர் பிரிவில் காலம் முழுக்க வரிசைகளைப் பார்த்தவர். காத்து நிற்கிறவர்களின் முகம் அவருக்குத் தெரியும்.

"தம்பி," என்றார் தமிழில். "போய் வேலையைப் பாரும். சனம் நிக்குது."

தமிழ் விளங்காவிட்டாலும் கை காட்டிய திசை அவனுக்கு விளங்கியது. போய்விட்டான். தகப்பன் ஏதோ ஏசுவது கேட்டது.

அம்மா பாகு இல்லாத லக்சாவைச் சாப்பிட்டார். பாதி வரை சாப்பிட்டார். என் கையில் பாகு இருந்த கரண்டி, நீட்டவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம்.

திடீரென்று அம்மா எழும்பினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்கை போறீர்?" என்றார் அப்பா.

அம்மா மேசைகளுக்கு இடையால் நடந்து, தெரு வரைக்கும் போய், வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றார். வெயில் அடித்தது. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் எழும்பப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு பிள்ளை. அவ எங்கையும் எதையும் கேட்டு வாங்கினதை நான் இந்த முப்பது வருசத்திலை காணேல்லை. பாப்பம்."

அப்பாவின் "பாப்பம்" வேறு மாதிரி இருந்தது.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்றவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். கெங் குனிந்து வெங்காயம் தூவிக்கொண்டிருந்தான். அடுத்த கிண்ணம் நீண்டதும், நிமிராமலே, எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டான். இறால் பாகு?

"ஓம்" என்றார் அம்மா.

தோழி, இதைத்தான் உனக்கும் சொல்ல வேண்டும். லக்சாக் கடை மலையடிவாரச் சீனக் கோயிலுக்குப் போகும் பாதையில், சந்தைக்குப் பக்கத்தில். பதினொரு மணிக்கு முன்னம் போங்கள். அம்மா போய் வாங்கிய கிராம சேவகரின் கடிதம் போன மாதம் வந்துவிட்டது, ஆகவே நீங்கள் வரும் நேரம் எங்களுக்கு ஓட்டம் அதிகமாக இருக்கும். உங்களோடு வந்து நிற்க முடியுமோ தெரியாது. சனிக்கிழமையென்றால் கண்ணாடி போட்ட ஒரு பெடியன் பாகுக் கரண்டியோடு நிற்பான். எங்கள் ஊர் ஆட்கள் என்று கண்டால் கிண்ணத்தில் ஓர் அகப்பை சாறு கூட விடுவான். ஆனால் பாகு வேணுமா என்று ஒருதரந்தான் கேட்பான். ஓம் என்று சொல்லுங்கள்.